கியூபாவின் பழைய ட்ரோவா தட்டுகள்: பல வருடம் ஓட்டிப் பார்த்ததில்

ட்ரோவா என்பது கிட்டாரோடு பாடும் கியூபப் பாடல் மரபு. அதில் மரியா தெரேசா வேராவும் ரஃபாயேல் செகெய்ராவும் 1924 வரை விக்டர், கொலம்பியா ஆகிய பதிவு நிறுவனங்களுக்குப் பாடிக் கொடுத்த 10 அங்குல இசைத்தட்டுகளைப் பற்றித்தான் பேச்சு. இரண்டு குரல், கிட்டார், பக்கத்துக்கு மூன்று நிமிடம். மைக் வராத காலம். ஒலியைப் பிடிக்கும் புனலுக்கு முன்னால் நின்று பாடியவை.

தட்டைக் கழுவ ஸ்பிரிட், ஆல்கஹால் எதுவும் வேண்டாம். இது அரக்கு; பாலீஷ் போடத் தச்சர்கள் ஸ்பிரிட்டில் கரைக்கும் அதே பொருள். காய்ச்சி வடித்த நீரில் ஒரு சொட்டு மென்மையான சோப்புத் திரவம் போதும். லேபிள் நனையக் கூடாது.

அதிகம் கெடுவது வேகத்தில்தான். நிமிடத்துக்கு 78 சுற்று என்பது பெயருக்கு. அக்கால விக்டர் தட்டுகள் பெரும்பாலும் 76 சுற்றை ஒட்டியும் கொலம்பியா 80-ஐ ஒட்டியும் நிற்கும். 80-இல் பதிந்ததை 78-இல் ஓட்டினால் கால் கட்டை இறங்கும். 76-ஐ 80-இல் ஓட்டினால் கிட்டத்தட்ட அரைக் கட்டை ஏறி, வேராவின் குரல் கனமிழந்து சிறுமி குரலாகிவிடும். கிட்டாரின் சுருதியை வைத்து முடிவு செய்ய முடியாது. கேப்போ (சுருதியை ஏற்றக் கழுத்தில் மாட்டும் கவ்வி) போட்டிருக்கலாம், சுருதியும் ஆளுக்கு ஆள் மாறும். குரலின் அசைவையும் மெய்யெழுத்து உச்சரிப்பையும் கேட்டே நிறுத்த வேண்டும். சான்டா பார்பராவில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பதிவுப் பட்டியலில் மேட்ரிக்ஸ் எண்ணை (ஒவ்வொரு பதிவுக்கும் நிறுவனம் தந்த எண்) தேடி, ஒரே நாளில் பதிந்த பக்கங்களை அடுத்தடுத்து ஓட்டினால் காது தெளியும்.

பிற்கால எல்பி தட்டுக்கான ஊசி (0.7 மில்; ஒரு மில் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தட்டின் பள்ளத்தின் அடியில் இறங்கி அழுக்கைத்தான் சுரண்டும். 3 மில் ஊசி, 4 கிராம் எடை சரி. தேய்ந்த தட்டுக்கு 2.5, 3.5 இரண்டையும் போட்டுப் பாருங்கள். பள்ளச் சுவரில் தேயாத இடம் எதிலாவது அகப்படும். மோனோவில் கேட்டால் மேலும் கீழுமான அதிர்வின் இரைச்சல் பாதி போய்விடும்.

எல்பிக்கான போனோ ப்ரீஆம்ப் (ஊசியின் மெல்லிய ஒலியைப் பெருக்கும் கருவி) பாஸைத் தூக்கி மேல் ஒலியை அமுக்கும். புனல் பதிவுக்கு அது தேவையே இல்லை. புனல் சுமார் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே எதையும் சரியாகப் பிடிக்காது. கிட்டாரின் அடித்தந்தியோ 82 ஹெர்ட்ஸ். அந்த நாதத்தை மேல் ஒலிகளிலிருந்து காதேதான் கட்டிக்கொள்கிறது. பாஸைக் கூட்டினால் மோட்டார் உறுமல் மட்டும் வரும்.

இரைச்சல் நீக்கும் மென்பொருளில் எச்சரிக்கை தேவை. தந்தியை மீட்டும் முதல் நொடித் துணுக்கும் கீறலின் 'டிக்'கும் அதற்கு ஒன்றுதான். தானாக ஓடவிட்டால் கிட்டார் பஞ்சில் பொதிந்ததுபோல் மழுங்கிவிடும். டிக்குகளைக் கையால் எடுங்கள், சீறலை விட்டுவிடுங்கள்.

கிட்டார் வாசிப்பைக் கற்கவே கேட்பவர்கள் 1928-இல் மத்தாமோரோஸ் மூவர் விக்டருக்குப் பதிந்தவற்றில் தொடங்கலாம். அவை மைக் வைத்த மின்முறைப் பதிவு. மூவரில் ஒருவரான கிட்டார்க்காரர் குவெட்டோவின் அடித்தந்தி நேரடியாகவே கேட்கிறது. அவற்றுக்கு மட்டும் கொஞ்சம் பாஸ் தூக்கல் வேண்டும்.