ஜாமான ஜிப்ஸி காலிப்பர்: கிட்டா, பிஸ்டனா, பழசா, புதுசா?

மாருதி ஜிப்ஸியின் முன்சக்கர டிஸ்க் பிரேக்கில் இருப்பது ஒற்றைப் பிஸ்டன் காலிப்பர்: பிரேக்கை மிதித்தால் ஆயில் பிரஷரில் பிஸ்டன் நகர்ந்து, இரண்டு பக்கப் பேடுகளையும் டிஸ்க்கில் அழுத்தும் பாகம். ராணுவ ஏலத்தில் எடுத்த வண்டியோ, இரண்டு மழைக்காலம் மரத்தடியில் நின்ற வண்டியோ, ஒரு பக்கம் பிரேக் பிடித்துக்கொண்டு விடாமல் இருப்பது சகஜம். சீல் கிட் (ரப்பர் சீலும் பூட்டும்) மட்டும் மாற்றலாம், கிட்டோடு புதுப் பிஸ்டனும் போடலாம், சென்னைப் புதுப்பேட்டையின் பழைய பாகக் கடைகளில் காலிப்பர் தேடலாம், முழுசாகப் புதுசே வாங்கலாம்.

காசைக் கொடுக்கும் முன் ஜாம் எங்கே என்று பாருங்கள். ஜாக்கி வைத்துச் சக்கரத்தைத் தூக்கி, பிரேக்கை மிதித்து விடுங்கள். சக்கரம் சுற்ற மறுத்தால் ப்ளீடர் நிப்பிளை (காலிப்பரில் காற்றை வெளியேற்றும் சின்ன திருகு) கால் சுற்று திறக்கவும். ஆயில் பீச்சிச் சக்கரம் விடுபட்டால் காலிப்பர்மேல் தப்பில்லை. உள்ளே உப்பி அடைத்த ரப்பர் ஓஸோ, பெடலோடு சேர்ந்த மாஸ்டர் சிலிண்டரோ பிரஷரைத் திரும்ப விடவில்லை. திறந்தும் விடவில்லையா, காலிப்பரைக் கழற்றிப் பேடுகளைப் பாருங்கள். உள்பக்கப் பேட் மட்டும் தேய்ந்து வெளிப்பக்கம் தடியாக இருந்தால் பெரும்பாலும் காலிப்பர் நகர உதவும் ஸ்லைடு பின்தான் (வழுக்கும் கம்பி) இறுகியிருக்கும். துருவைத் துடைத்து, சிலிக்கான் கிரீஸ் தடவி, அந்த ஸ்லைடு பின்னுக்குப் புது ரப்பர் பூட் போட்டால் போதும்.

பிஸ்டனே இறுகியிருந்தால், கிட்டா பிஸ்டனா என்பது அதை வெளியே எடுத்த பிறகுதான் தெரியும். ஓஸைக் கழற்றுவதற்கு முன்பே காலிப்பருக்குள் ஒரு மரக்கட்டையை வைத்து, பெடலை மெதுவாக மிதித்துத் தள்ளுங்கள். கம்ப்ரஸர் காற்று வைத்தால் பிஸ்டன் குண்டு போலப் பாயும், விரல் போய்விடும். பிளையரால் பிடித்து முறுக்கினால் பிஸ்டன்மேல் மிச்சமிருக்கும் குரோம் பூச்சும் போகும்.

டிஸ்க் காலிப்பரில் சீல் சிலிண்டரின் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும். அதில் உரசி நகர்வது பிஸ்டன். அதனால் சிலிண்டர் சுவரில் லேசான கறை இருந்தால் பரவாயில்லை, பிஸ்டன் பளபளப்புதான் முக்கியம். (பின்சக்கர டிரம்மின் வீல் சிலிண்டரில் கதை தலைகீழ்: அங்கே ரப்பர் கப் சுவரில் உரசும், சுவரில் குழி விழுந்தால் சிலிண்டரே மாற்ற வேண்டும்.) பிஸ்டன்மேல் நகத்தை ஓட்டுங்கள். எங்கேயாவது தட்டினால் அது குப்பைக்கு. எமரி போட்டுத் தேய்த்தால் குரோம் கரைந்து, அடுத்த மழையில் மறுபடி துரு.

துரு பெரும்பாலும் சீலுக்கும் கிழிந்த டஸ்ட் பூட்டுக்கும் (தூசி புகாமல் மூடும் ரப்பர்) நடுவே பிடிக்கும். பேட் தேயத் தேயப் பிஸ்டன் வெளியே நீளும், சேறும் தண்ணீரும் அதில் ஒட்டும். புதுப் பேட் போடும்போது அந்தத் துருப்பிடித்த பகுதியைச் சீலுக்குள் தள்ளுகிறோம். பேட் மாற்றிய சில நாளில் காலிப்பர் ஜாம் ஆவதற்கு அநேகமாக இதுதான் காரணம். ஆகவே கிட் மட்டும் போதும் என்பது குரோம் சுத்தமாக இருக்கும் வண்டிக்குத்தான். சேற்றிலும் ஓடையிலும் ஓடிய ஜிப்ஸிக்குக் கிட்டோடு பிஸ்டனையும் சேர்த்தே வாங்குவது நல்லது. பிஸ்டனை மிச்சம் பிடித்தால் அதே வேலையை இரண்டு தடவை செய்ய வேண்டிவரும்.

கிட் போட்டும் சரிப்படாததற்கு இரண்டு காரணம். ஒன்று, பள்ளத்தின் அடியில் மிஞ்சிய துரு சீலைப் பிதுக்கி, பிஸ்டனை இறுக்கும். மூங்கில் குச்சியால் சுரண்டுங்கள், ஸ்க்ரூடிரைவர் வேண்டாம். இரண்டு, பெட்ரோலிலோ டீசலிலோ கழுவுவது. பிரேக் ரப்பர் அதில் ஊதிவிடும், சாதா கிரீஸிலும் அப்படியே. பிரேக் கிளீனரால் கழுவி, சீலுக்கும் பிஸ்டனுக்கும் புதுப் பிரேக் ஆயில் தடவிக் கையாலேயே நேராக அழுத்துங்கள். கோணினால் சீல் மடங்கும்.

பழைய மார்க்கெட் காலிப்பர் மலிவு மாதிரித்தான் தெரியும். ஆனால் அதற்குள்ளும் இதே வயது சீல், இதே துரு. கிட் செலவு தனி. உங்கள் காலிப்பர் பாடியில் நிப்பிள் உடைந்து மரை போயிருந்தால் மட்டும் பழசு வாங்க அர்த்தம் உண்டு. கடையிலேயே நிப்பிள் சுற்றுகிறதா பாருங்கள். இடது வலது மாறக்கூடாது: மாறினால் நிப்பிள் கீழே போய், எத்தனை தடவை ப்ளீட் செய்தாலும் காற்று வெளியேறாது.

புதுக் காலிப்பருக்குச் சொல்ல அதிகமில்லை. காலிப்பர் பாடி கெட்டு, வண்டியை அதிக நாள் நிறுத்த முடியாதவருக்கு அது.

எதை எடுத்தாலும் இரண்டு பக்கமும் சேர்த்துச் செய்யுங்கள். ஓஸ் போல்ட்டுக்கு இருபுறமும் புதுச் செம்பு வாஷர் போடுங்கள். பழைய ஆயிலை முழுக்க வெளியேற்றுங்கள்: டாட் 3 (பிரேக் ஆயில் தரம்) ஆயிலின் குறைந்தபட்சக் கொதிநிலை புதிதில் 205 டிகிரி செல்சியஸ், ஈரம் ஏறினால் 140 வரை இறங்கும். பெடல் கெட்டியாகும்வரை மிதித்த பிறகே வண்டியை நகர்த்துங்கள். ஐந்து கிலோமீட்டர் ஓட்டி, இரண்டு ரிம்மிலும் புறங்கையைக் கிட்டே கொண்டுபோய்ப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் கொதித்தால் அந்தப் பக்கம் இன்னும் விடவில்லை.