கல்வித் தொலைக்காட்சியா, இல்லம் தேடிக் கல்வியா?

தமிழ்நாடு அரசு 2019 ஆகஸ்டில் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி, கொரோனா ஊரடங்கில் பாடங்களை வீட்டுக்கே கொண்டுவந்தது. விட்டுப்போன படிப்பை ஈடுகட்ட 2021 அக்டோபரில் வந்தது இல்லம் தேடிக் கல்வி. 1 முதல் 8-ஆம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்குத் தன்னார்வலர்கள் தெருவிலேயே மாலை வகுப்பு எடுத்தார்கள்.

எவ்வளவு தூரம் எட்டும் என்று பார்த்தால் தொலைக்காட்சிக்கு நிகரில்லை. இணையம் இல்லாத வீட்டுக்கும் நல்ல ஆசிரியரின் பாடம் போகும். பன்னிரண்டாம் வகுப்புக்கு அது நல்ல துணை.

சரி, மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு? 52-இலிருந்து 38-ஐக் கழிக்கச் சொன்னால் 26 என்று எழுதும். கடன் வாங்காமல், 8-இலிருந்து 2-ஐக் கழித்திருக்கிறது. திரைக்கு அது தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தன்னார்வலர் அக்கா நோட்டைப் பார்த்ததும் பிடித்துவிடுவார். பத்துத் தீக்குச்சிக் கட்டு ஒன்றைப் பிரித்து, கடன் வாங்குவதைக் காட்டுவார். தொடக்க வகுப்புகளுக்கு என் வாக்கு இல்லம் தேடிக் கல்விக்குத்தான். ஆனால் எழுத்துகளை இடவலம் மாற்றி எழுதும் பிள்ளைக்கு அந்த அக்கா போதாது, பயிற்சி பெற்ற ஆசிரியர்தான் வேண்டும்.

ஆசிரியரின் வேலை மாறுவது இங்கேதான். விளக்கம் சொல்லப் பாடநூலின் க்யூஆர் கோடு காணொளியே இருக்கிறது. யார் எங்கே சறுக்கினார் என்று நோட்டு நோட்டாகப் பார்க்க அவருக்கு நேரம் வேண்டும். எமிஸ் என்னும் பள்ளித் தகவல் தளத்தில் விவரங்களைப் பதிவேற்றுவது போன்ற வேலைகளை முழுதாக இறக்கிவைத்தால் அந்த நேரம் கிடைக்கும்.