"பட்டன் வால்வு வேஸ்ட்டு, எடுத்துருவோம்"னு சொன்னா மிஷினைக் கொடுக்காதீங்க. செயின் சா ரிப்பேர்ல ₹9,800 போச்சு

₹9,800 வாங்கிட்டு நல்லா இருந்த செயின் சாவை நாசம் பண்ணிக் கொடுத்திருக்காங்க. மேலூர், வாடிப்பட்டி, உசிலம்பட்டிப் பக்கம் மரம் அறுக்கிற மிஷின் வச்சிருக்கவங்க இதைப் படிச்சிருங்க. கடைப் பேரு போடல. மதுரை டவுனுக்குள்ள ஸ்பிரேயர், பிரஷ் கட்டர், பம்ப்செட்டு எல்லாம் ரிப்பேர் பாக்கிற கடை. அதே மாதிரி ஒழுங்கான கடைகளும் இருக்கு, எல்லாரையும் சொல்லல.

மிஷின் 72 சிசி. வந்த கோளாறு ரொம்பச் சின்னது. சிலிண்டர் மேல இருக்குமே, விரலால அமுக்குற பட்டன், அந்த டீகம்ப்ரஷன் வால்வைச் சுத்தி கருப்பா எண்ணெய்க் கறை. ஸ்டார்ட் பண்ற ரோப்பை மெதுவா இழுத்தா 'புஸ்'ஸுனு காத்து விடுற சத்தம். வால்வு உக்கார்ற இடத்துல கரி பிடிச்சா இப்படித்தான் ஒழுகும். வால்வைக் கழட்டிப் புதுசு போட்டா முடிஞ்சது, சில நூறு ரூபா வேலை.

கடைக்காரர் பார்த்த உடனே, "ஏண்ணே, இந்தப் பட்டனெல்லாம் வெளிநாட்டுக்காரனுக்குண்ணே. நம்ம கைக்கு எதுக்கு? இதுலதான் கம்ப்ரஷன் பூராம் போகுது. எடுத்துட்டு போல்ட்டைப் போட்டு அடைச்சுருவோம்"னாரு. வேண்டாம்னு சொன்னதுக்கு, "சரி, கேஜ் வச்சுக் காட்டுறேன், நீங்களே பாருங்க"ன்னு பையனைக் கூப்பிட்டாரு. பிளக்கைக் கழட்டி, அந்த ஓட்டையில கம்ப்ரஷனை, அதாவது சிலிண்டருக்குள்ள காத்து அமுங்குற அழுத்தத்தை அளக்கிற கேஜை மாட்டி, பையன் நாலஞ்சு இழு இழுத்தான். முள்ளு 80 பி.எஸ்.ஐ.க்கு மேல ஏறல. "பாத்தீங்களா, சிலிண்டரே போச்சு. ஒரிஜினல் கிட்டு இருக்கு, போட்டுருவமா?" கேஜ் முள்ளைக் கண்ணால பார்த்தப்புறம் யாரு நம்பாம இருப்பா? சிலிண்டர், பிஸ்டன், கூலி எல்லாம் சேர்த்து ₹9,800. வேலை முடிஞ்சதும் திரும்பக் கேஜ் வச்சு 155 காட்டினாரு. கை குலுக்காத குறை.

இப்ப அந்த 80 எப்படி வந்துச்சுன்னு கேளுங்க. பையன் இழுத்ததை போன்ல வீடியோ எடுத்து வச்சிருந்தேன். பெருசு பண்ணிப் பார்த்தா பட்டன் உள்ள அமுங்கியே இருக்கு! அந்த வால்வோட வேலையே, அமுக்கி வச்சா இழுக்கும்போது பாதிக் காத்தை வெளிய விட்டு இழுவையை லேசாக்குறதுதான். முதல் வெடி வெடிச்சதும் அந்த அழுத்தத்துலயே பட்டன் மேல வந்து தானா மூடிக்கும். பிளக்கே இல்லாம இழுத்தா வெடி எங்க வரும்? திறந்தது திறந்தபடிதான் இருக்கும். அப்படி வச்சு அளந்தா ஷோரூம்ல இருந்து இறக்கின மிஷினும் கம்மியாத்தான் காட்டும். இதைத் தெரியாமப் பண்ணினாங்களா, தெரிஞ்சே பண்ணினாங்களான்னு நீங்களே முடிவு பண்ணிக்கங்க. அளக்கும்போது பட்டன் மேல இருக்கணும், சோக் போடக் கூடாது, ஆக்சிலேட்டரை முழுசா அமுக்கிப் பிடிக்கணும், முள்ளு நிக்கிற வரைக்கும் இழுக்கணும். 150, 160 காட்டினா நல்ல சிலிண்டர். 110க்குக் கீழ போனாத்தான் கழட்டிப் பாக்கணும்.

அடுத்தது அந்த போல்ட். வேண்டாம்னு சொல்லியும் புது சிலிண்டர்ல வால்வுக்குப் பதிலா போல்ட்டைப் போட்டு அடைச்சிருக்காங்க. வால்வோட மரை எம்10, அதாவது 10 மில்லிமீட்டர் தடிமன்தான், ஆனா மரைக்கு மரை இடைவெளி 1 மில்லிமீட்டர். ஹார்டுவேர் கடையில டப்பாவுல கிடக்கிற எம்10 போல்ட்டுக்கு இடைவெளி 1.5. ரெண்டு சுத்து கையால உள்ள போகும், அப்புறம் பிடிக்கும். இவங்க ஸ்பேனர் போட்டு முறுக்கி ஏத்திட்டாங்க. சிலிண்டர் அலுமினியம், போல்ட் இரும்பு, எது ஜெயிக்கும்? புளியமரத்துத் தூரை அறுக்கும்போது, முழு லோடுல போல்ட் தளர்ந்து சூடான புகை சீறி, மேல் மூடி பிளாஸ்டிக் உருகிப் போச்சு. போல்ட்டைக் கழட்டினா அதோட மரைக்குள்ள சிலிண்டரோட அலுமினியம் பூராம் வெள்ளிக் கம்பியாட்டம் சுருண்டு வந்துச்சு. வால்வு இல்லாததால ஸ்டார்ட் பண்ணும்போது ரோப்பு பின்னாடி வெட்டி இழுத்து, ஸ்டார்ட்டருக்குள்ள இருக்கிற கொக்கியும் உடைஞ்சிருக்கு.

இந்த வால்வு தேவையா இல்லையான்னு எப்பப் பார்த்தாலும் ஒரு சண்டை. 40, 45 சிசி மிஷினுக்குத் தேவையில்ல, கம்பெனிக்காரனே பெரும்பாலும் வைக்க மாட்டான். 50ல இருந்து 60 வரைக்கும் அவங்கவங்க கை பலம். 70 சிசிக்கு மேல கண்டிப்பா வேணும், முக்கியமா காலைல குளிர்ந்த மிஷினை எழுப்பும்போது. சூடா இருக்கையில அமுக்காமலே இழுக்கலாம். "அது இருந்தா பவர் குறையும்"ங்கிறது சும்மா பேச்சு. மூடி இருக்கிற வால்வு ஒழுகாத வரைக்கும் ஒரு குறையும் இல்ல. அடைச்சே ஆகணும்னா அதுக்குன்னே 1 மி.மீ. மரையில குட்டையா பிளக்கு வருது, வாஷரோட போடணும். நீளமான போல்ட் உள்ள நீட்டினா பிஸ்டன்ல போய் இடிக்கும்.

அப்புறம் நடந்த கூத்து. போன் பண்ணினா "ஓனர் திண்டுக்கல் போயிருக்காரு". நேர்ல போனா "மெக்கானிக் லீவு". விடாமப் பிடிச்சுக் கேட்டப்ப, "நீங்க ஆயில் சரியாக் கலக்கலண்ணே". ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி, கம்பெனி ஆயில், அளவு டப்பாவுல ஊத்திக் கலக்கினது. ஆயில் பத்தாம ஓடியிருந்தா பிஸ்டன்ல சைலன்சர் பக்கம் கோடு கோடா விழுந்திருக்கும், சைலன்சரைக் கழட்டிப் பாருங்கன்னா, தொடக்கூட இல்ல. ஆயிலுக்கும் மரை போனதுக்கும் என்னய்யா சம்பந்தம்? பழைய சிலிண்டரையாவது கொடுங்கன்னா "பழைய இரும்புக்காரன் எடுத்துட்டுப் போயிட்டான்"னு பதில். பில்லுன்னு கொடுத்தது ஒரு துண்டுச் சீட்டு, "சர்வீஸ் 9,800", கடைப் பேருகூட இல்ல. பணம் போன ஜிபே நம்பரும் வேற யாரு பேர்லயோ இருக்கு. நுகர்வோர் உதவி எண் 1915க்குச் சொல்லியாச்சு. சீட்டும் வீடியோவும்தான் கையில இருக்கிற ஆதாரம். ₹9,800 திரும்ப வருமான்னா, நம்பிக்கை இல்ல.

எழுதவே கோபமா வருது, அதனால சுருக்கமா:

கடைக்குப் போறதுக்கு முன்னாடி வீட்டுலயே பாருங்க. பட்டன் மேல இருக்கும்போது, மிஷினை ஆஃப்ல வச்சு ஸ்டார்ட்டர் கைப்பிடியைப் பிடிச்சுத் தூக்குங்க. மிஷின் தொங்கி நின்னு, விட்டு விட்டு இறங்கினா சிலிண்டர் நல்லா இருக்கு. சர்ருனு இறங்கினா வால்வைச் சுத்தி சோப்புத் தண்ணி விட்டு இழுத்துப் பாருங்க, நுரை வந்தா வால்வுதான்.

கழட்டின பழைய பார்ட்டைக் கையில வாங்காமக் காசு கொடுக்காதீங்க.

கடைப் பேரு, பார்ட் பேரு போட்ட பில்லு இல்லன்னா அங்கயே திரும்பிருங்க.

மிஷினை வாங்கும்போது குளிர்ந்திருக்கையில கடை வாசல்லயே பட்டனை அமுக்கி ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்க. பத்திக்கிட்டதும் பட்டன் தானா மேல வரணும். வரலன்னா மிஷின் அங்கயே கிடக்கட்டும்.