கிளாஸ் சேனல் மாற்றி மூன்று வருடம்: இன்னும் தீராத ஒரு மில்லிமீட்டர் வழக்கு

பழைய கார் வைத்திருக்கும் நண்பர் ஒருவர் போன வாரம் போனில் கேட்டார்: "கதவுக் கண்ணாடியெல்லாம் கடகடவென்று ஆடுகிறது. நீங்கள் சேனல் மாற்றினீர்களே, நானும் மாற்றிவிடலாமா?" சேனல் என்பது கதவுச் சட்டத்துப் பள்ளத்தில் பதித்திருக்கும், உள்ளே வெல்வெட் போட்ட ரப்பர் பட்டை. கண்ணாடியின் விளிம்பு அதற்குள்தான் ஏறி இறங்கும். கேட்ட நேரம் சரியில்லை. டிரைவர் பக்கக் கதவை இரண்டாவது முறையாகப் பிரித்துப் போட்டு, முழங்கை வரை கிரீஸோடு நின்றுகொண்டிருந்தேன். அப்போது நான் சொன்னதை இங்கே எழுத முடியாது. இது கொஞ்சம் ஆறிய பிறகு எழுதும் பதில்.

வண்டி அறுபதுகளில் பிறந்தது. நான்கு கதவு, கையால் சுற்றி ஏற்றும் கண்ணாடி. அதுவும் தட்டையான கண்ணாடி. 1957இல் வந்த அமெரிக்க இம்பீரியல் காரிலேயே பக்கவாட்டுக் கண்ணாடியை வளைத்துவிட்டார்கள். என் வண்டியைச் செய்தவர்களுக்கு அந்த ஆசை வரவில்லை, அதில் எனக்குச் சந்தோஷம்தான். தட்டைக் கண்ணாடி நேராக ஏறும், நேராக இறங்கும். சேனலும் நேர்கோடு, மேல் மூலைகளைத் தவிர. அந்த மூலைக்கு அப்புறம் வருகிறேன்.

மாற்றுவதற்கு முன்னால் நிலைமை இதுதான்: கண்ணாடி முழுக்க ஏறியிருந்தால் சத்தம் கம்மி, ஏனென்றால் மேல் சேனல் அதைப் பிடித்துக்கொள்ளும். பாதி இறக்கினால் பாத்திரக்கடை. சத்தம் கண்ணாடியிலிருந்துதான் வருகிறதா என்று பார்க்க ஒரு எளிய வழி உண்டு. பாதி இறக்கி வைத்து, மேடு பள்ளமான சாலையில் பக்கத்தில் இருப்பவரைக் கண்ணாடியின் மேல் விளிம்பை விரலால் பிடிக்கச் சொல்லுங்கள். சத்தம் நின்றால் சேனல். நிற்காவிட்டால் கதவுப் பூட்டு, கைப்பிடிக் கம்பி, இன்னும் எத்தனையோ இருக்கிறது. என் வண்டியில் பட்டென்று நின்றது.

பழைய சேனலை இழுத்தபோது அது கழன்று வரவில்லை, உதிர்ந்து வந்தது. வெல்வெட் என்று ஒன்று இருந்ததற்கு அடையாளமாக மூலைகளில் மட்டும் கொஞ்சம் பஞ்சு. சேனலுக்கு உள்ளே முதுகெலும்பு மாதிரி ஒரு மெல்லிய இரும்புத் தகடு இருக்கும். வெல்வெட் ஈரத்தைப் பிடித்து வைக்க வைக்க அந்தத் தகடு துருப்பிடிக்கும். துரு என்பது இரும்பைவிட அதிக இடம் கேட்கும் பொருள், அதனால் தகடு ஊதும். வெல்வெட் தேய்ந்த இடத்தில் கண்ணாடி ஆடுகிறது, துரு ஊதிய இடத்தில் இறுகுகிறது. ஒரே சேனலில் இரண்டு வியாதி. வெல்வெட் போன பிறகு தகட்டின் விளிம்பு கண்ணாடியில் நேரடியாக உரசி நெடுக்காகக் கோடு போட்டிருந்தது. அந்தக் கோடுகள் இன்னும் இருக்கின்றன. மாலை வெயில் பக்கவாட்டில் விழும்போது மட்டும் தெரியும். நான் ஐந்து வருடம் முன்னாலேயே மாற்றியிருந்தால் அவை வந்திருக்காது என்பதும் அப்போதுதான் உறைக்கும்.

பிரிப்பது, சட்டத்தில் துருவைச் சுரண்டுவது, பிரைமர் அடிப்பது பற்றியெல்லாம் எழுதப்போவதில்லை. ஒன்றே ஒன்று: டோர் பேடுக்கு, அதாவது கதவின் உள்பக்கத்தை மூடும் அட்டைக்கு, பின்னால் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளைக் கிழிக்காமல் எடுங்கள், கிழிந்தால் புதிதாக வெட்டி ஒட்டுங்கள். சேனல் மாற்றினால் கதவுக்குள் தண்ணீர் போகாது என்று நினைத்தேன். அது தவறு. கதவுக்குள் தண்ணீர் போகத்தான் செய்யும், கீழே உள்ள ஓட்டைகள் வழியாக வெளியே போக வேண்டும், அவ்வளவுதான் ஏற்பாடு. அந்தத் தாள் இல்லாவிட்டால் டோர் பேட் நனைந்து ஊறும். ஓட்டை அடைத்தால் கதவின் அடிப்பகுதி அழுகும். என் வண்டியில் பின் கதவின் ஓட்டையிலிருந்து ஒரு கைப்பிடி மண் எடுத்தேன்.

சரி, நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். கதவு சாத்தும் சத்தம். இதை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. முன்பு சாத்தினால் கதவு ஒரு சத்தம், கண்ணாடி அதற்குப் பின்னால் ஒரு சத்தம், "டம்-சளக்". புது சேனல் போட்ட அன்று முதல் கதவைச் சாத்தினேன். "தும்". அவ்வளவுதான். மறுபடி திறந்து சாத்தினேன், மறுபடியும். வீட்டிலிருந்து எட்டிப் பார்த்து, "என்ன ஆச்சு, பூட்டு விழவில்லையா?" என்று கேட்டார்கள். மூன்று வருடம் ஆகியும் இந்தச் சத்தம் அப்படியே இருக்கிறது. கதவு கூடுதல் கனமானது போல, வண்டியே இருபது வயது குறைந்தது போல ஒரு எண்ணம் வரும். உண்மையில் நான் சேர்த்தது கொஞ்சம் ரப்பர்தான்.

இனி வழக்கு.

சேனல் வாங்கும்போது நான் அளந்தது அதன் வெளி அகலத்தை. கதவுச் சட்டத்தில் உள்ள பள்ளத்தில் கச்சிதமாக உட்கார வேண்டும் என்பதுதான் என் ஒரே கவலை. கச்சிதமாக உட்கார்ந்தது. உள்ளே கண்ணாடி நுழையும் வாயை அளக்கவில்லை. என் கண்ணாடி 6 மி.மீ. தடிமன். சேனல் 5 மி.மீ. கண்ணாடிக்கானது. இது எனக்குத் தெரிய ஒன்றரை வருடம் ஆனது, ஏனென்றால் ஒன்றரை வருடம் கழித்துத்தான் வெர்னியர் அளவி வாங்கினேன். மடத்தனம்தான்.

ஒரு மில்லிமீட்டர் என்ன பெரிதாகச் செய்துவிடும்? கண்ணாடி ஏறி வரும் வழியெல்லாம் கொஞ்சம் கனம், அது பழகிவிடும். மேல் விளிம்பு மேல் சேனலுக்குள் நுழைகிற கடைசி இரண்டு சென்டிமீட்டர்தான் பிரச்சினை. அங்கே கைப்பிடியைச் சுற்றுவது இறுகிய ஜாடி மூடியைத் திருப்புவது மாதிரி. விற்றவர், "போகப் போகத் தளரும்" என்றார். அவர் சொன்னதில் பாதி உண்மை. இந்தக் காலச் சேனலில் நெய்த வெல்வெட் கிடையாது. பசை தடவிய ரப்பர் மேல், மின்புலத்தின் இழுப்பில் குட்டைக் குட்டை இழைகளைச் செங்குத்தாக நிற்க வைத்து ஒட்டுகிறார்கள். அந்த இழைகள் கொஞ்ச நாளில் படிந்து வழிவிடும். பக்கத்து சீட் கதவு அப்படித்தான் ஒரு வருடத்தில் இளகியது. டிரைவர் பக்கம் இளகவில்லை. காரணம் இன்றும் எனக்குப் பிடிபடவில்லை. உள்ளே வழிகாட்டிக் கம்பியைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளைத் தளர்த்தி நகர்த்திப் பார்த்ததில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனதுதான் மிச்சம்.

இடையில் ஒரு நல்லவர் பேச்சைக் கேட்டு சேனலுக்குள் கிரீஸ் தடவினேன். இரண்டு நாள் கண்ணாடி வெண்ணெயாக ஓடியது. மூன்றாவது வாரம் சாலைத் தூசியும் கிரீஸும் சேர்ந்து உப்புத்தாள் மாதிரி ஆனது. தடவவே தடவாதீர்கள். பெட்ரோலியத்தில் வரும் எண்ணெய் எதுவும் இந்த ரப்பருக்கு ஆகாது, ஊதிவிடும். உலர்ந்துவிடும் சிலிக்கான் ஸ்பிரே மட்டும் போதும், வருடத்துக்கு இரண்டு தடவை.

மூலைக்கு வருகிறேன் என்றேன். சேனலை அங்குலம் பிசகாமல் சரியான நீளத்துக்கு வெட்டினேன், அதில் பெருமை வேறு. ரப்பர் காலப்போக்கில் சுருங்கும். கொஞ்சம் நீளமாக வெட்டி, நடுவிலும் மூலையிலும் முதலில் அமுக்கிவிட்டு, மிச்சத்தை நெருக்கி உள்ளே தள்ள வேண்டுமாம். அடுத்த வருடம் முன் மூலையில் 4 மி.மீ. இடைவெளி. அறுபது கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டதும் அங்கிருந்து ஒரு விசில். ஐம்பத்தைந்தில் இருக்காது, அறுபதில் வந்துவிடும். ஸ்பீடாமீட்டர் நின்றாலும் கவலையில்லை. வெட்டிப் போட்டிருந்த துண்டு ஒன்றை அந்த இடைவெளியில் செருகி ஒட்டியிருக்கிறேன். விசில் நின்றது, பார்க்க ஒட்டுப்பல் மாதிரி இருக்கிறது.

போன வாரம் நடந்தது இதையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது. வண்டி நாள் முழுக்க வெயிலில் நின்றிருந்தது. ஏறி உட்கார்ந்து கண்ணாடியை இறக்கச் சுற்றினேன். முதலில் வழக்கம்போல இறுக்கம். அப்புறம் கைப்பிடி திடீரென்று லேசானது. எனக்கு ஒரு நொடி சந்தோஷம்! நிமிர்ந்து பார்த்தால் கண்ணாடி இருந்த இடத்திலேயே இருக்கிறது, இறங்கியது கீழே உள்ள மெஷின் மட்டும்.

பிரித்துப் பார்த்ததில் விஷயம் புரிந்தது. கண்ணாடியின் அடி விளிம்பை ஒரு உலோகச் சேனல் கவ்வியிருக்கும், இரண்டுக்கும் நடுவில் மடித்து வைத்த ரப்பர் நாடா. மெஷினின் கைகள் அந்த உலோகச் சேனலைத்தான் ஏற்றி இறக்கும். அந்த நாடா வண்டியோடு வந்தது, சருகாகிவிட்டது. பழைய தொளதொளத்த சேனல் இருந்தவரை அதற்கு வேலையே இல்லை. நான் போட்ட இறுக்கமான சேனல் மேலே கண்ணாடியைப் பிடித்துக்கொள்ள, கீழே மெஷின் இழுக்க, மூன்று வருட இழுபறியில் நாடா தோற்றுவிட்டது. புதுசாக மாட்டியது பழசைக் கொன்றுவிட்டது.

கண்ணாடியை எடுக்கும்போது கை நடுங்கியது. பதப்படுத்திய கண்ணாடி முகத்தில் அடித்தால் தாங்கும், விளிம்பில் ஒரு கல் பட்டால் மொத்தமும் பொடிப்பொடியாகக் கொட்டும். சன்னமாக இழைக்கவும் முடியாது, வெட்டவும் முடியாது. அதனால் அந்த ஒரு மில்லிமீட்டரைக் கண்ணாடியில் குறைக்கும் பேச்சுக்கே இடமில்லை. புது நாடா வைத்து, சோப்புத் தண்ணீர் தடவி, ரப்பர் சுத்தியலால் தட்டி உட்கார வைத்தேன். இடம் மாறாமல் இருக்க முதலிலேயே கோடு போட்டு வைத்தது மட்டும்தான் அன்று நான் செய்த புத்திசாலித்தனமான காரியம்.

ஆக, நண்பரே, கேள்விக்குப் பதில். சத்தம் போனது உண்மை. கதவு சாத்தும் அழகு உண்மை. கண்ணாடியில் புதுக் கோடு விழவில்லை, சாரல் கம்மி, நீண்ட தூரம் போனால் தலைவலி இல்லை. எல்லாம் உண்மை. மாற்றாதீர்கள். ஆடட்டும். ஆடுகிற கண்ணாடி யாரையும் நட்டாற்றில் விட்டதில்லை.

இதை நான் சொல்வதற்கு ஆதாரம் என் வண்டியிலேயே இருக்கிறது. வெட்டும்போது நீளம் போதாமல் போனதால் இடது பின் கதவில் மட்டும் பழைய சேனலையே விட்டுவிட்டேன். அது இன்றைக்கும் சளக் சளக் என்கிறது. ஆனால் ஒற்றை விரலால் சுற்றலாம், மூன்று வருடத்தில் ஒருமுறைகூட அந்தக் கதவைப் பிரித்ததில்லை. அந்தக் கதவுக்கான புது சேனல், உள் வாயை வெர்னியரால் அளந்து வாங்கியது, மூன்று மாதமாக என்னிடம் இருக்கிறது. சுருட்டி வைத்தால் வளைவு நின்றுவிடும் என்பதால் கட்டிலுக்கு அடியில் நீட்டிப் போட்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மழை இல்லாவிட்டால் மாட்டிவிடுவேன்.