ஆஸ்டின் கேப்பிட்டலுக்கு மாணவர்களுடன்: சபை கூடும் நாளா, கூடாத நாளா?

டெக்சாஸில் நான்காம் வகுப்பிலும் ஏழாம் வகுப்பிலும் மாநில வரலாறு பாடமாக இருக்கிறது. அந்தப் பாடத்தை ஒட்டித்தான் பல பள்ளிகள் ஆஸ்டினில் உள்ள சட்டமன்றக் கட்டடத்துக்குச் சுற்றுலா திட்டமிடுகின்றன. பேச்சு தொடங்கியதும் பஸ் வாடகை, மதியச் சாப்பாடு, உடன்வரும் பெற்றோர் எத்தனை பேர் என்று போய்விடுகிறது. இவை எல்லாவற்றுக்கும் முன்னால் தீர்மானிக்க வேண்டியது, சபை கூடியிருக்கும்போது போவதா, கூடாதபோது போவதா என்பதுதான்.

இந்தச் சட்டமன்றம் ஆண்டுதோறும் கூடுவதில்லை. ஒற்றைப்படை ஆண்டுகளில் ஜனவரி இரண்டாம் செவ்வாய்க்கிழமை தொடங்கி, அதிகபட்சம் 140 நாட்கள் நடக்கும். இடையில் ஆளுநர் சிறப்புக் கூட்டத்தொடருக்கு அழைத்தால் உண்டு. 2025க்கு அடுத்த வழக்கமான கூட்டத்தொடர் 2027 ஜனவரி 12 அன்று தொடங்குகிறது.

கூடாத காலத்தின் பெரிய வசதி அமைதி. 150 பிரதிநிதிகளின் பேரவையையும் 31 செனட்டர்களின் அவையையும் அவசரமின்றிப் பார்க்கலாம். நடுக்கூடத்தில் தலையை உயர்த்தி மாடக்குவிமாடத்தைப் பார்க்கவும், சுவர் வளைவில் வரிசையாக ஏறும் ஆளுநர்களின் படங்களை எண்ணவும் இடமிருக்கும். தரையில் டெக்சாஸ் மீது கொடி பறந்த ஆறு அரசுகளின் சின்னங்கள் பதிக்கப்பட்டிருக்கின்றன: ஸ்பெயின், பிரான்ஸ், மெக்சிகோ, டெக்சாஸ் குடியரசு, அடிமை முறையைக் காக்கப் பிரிந்த தென்மாநிலக் கூட்டமைப்பு, அமெரிக்கா. நடுவே நின்று பேசினால் குரல் எதிரொலிக்கும். பத்து வயதுப் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல வகுப்பறை எனக்குத் தெரியாது. நான்காம் வகுப்பென்றால் சபை கூடாத நாளையே தேர்ந்தெடுங்கள். பார்வையாளர் மாடத்தில் வாய் திறக்காமல் உட்கார்ந்து சட்டத்திருத்த விவாதத்தைக் கேட்கச் சொல்வது அந்த வயதுக்குக் கொடுமை.

ஏழாம் வகுப்புக்கும் அதற்கு மேலும் என் முடிவு நேர்மாறானது. கூட்டம் நெரியும், வாசலில் பாதுகாப்புச் சோதனைக்கான வரிசை நீளும், பஸ் நிறுத்த இடம் கிடைப்பதும் கடினம். இருந்தாலும் அப்போதுதான் போக வேண்டும். வெறும் நாற்காலிகளைப் பார்த்துவிட்டு வரும் மாணவருக்கு இது ஓர் அரண்மனை. வாக்கெடுப்பைப் பார்த்துவிட்டு வருபவருக்கு இது வேலை நடக்கும் இடம்.

ஆனால் கூட்டத்தொடர் என்றாலே எந்த நாளும் ஒன்றுதான் என்று எண்ணிவிடக் கூடாது. மாநில அரசியலமைப்பின்படி முதல் 60 நாட்கள் மசோதாக்களைத் தாக்கல் செய்வதற்கும் குழுக்களின் விசாரணைக்கும் உரியவை. ஆளுநர் அவசரம் என்று அறிவித்தவை போன்ற விதிவிலக்குகளைத் தவிர, சபையில் மசோதாக்கள் மீது வாக்கெடுப்பு அதற்குப் பிறகுதான் சூடுபிடிக்கும். ஜனவரியில் போனால் வாழ்த்துத் தீர்மானங்களைக் கேட்டுவிட்டுத் திரும்ப நேரலாம். ஏப்ரலும் மே மாதமும்தான் உண்மையான பரபரப்பு. சங்கடம் என்னவென்றால், பள்ளி மாணவர்களுக்கான மாநிலத் தேர்வுகளான ஸ்டார் (STAAR) தேர்வுகளும் அப்போதுதான் வருகின்றன. ஆகவே மார்ச் கடைசி வாரத்தையோ, தேர்வு முடிந்த மே நாட்களையோ பள்ளி நாட்காட்டியில் முதலிலேயே பிடித்து வையுங்கள். வெள்ளிக்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள். பயணத்துக்கு வசதியான நாள்தான், ஆனால் தொடரின் முற்பகுதியில் அன்று சபை பெரும்பாலும் கூடாது.

உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்குப் பார்வையாளர் மாடத்தைவிடக் குழு விசாரணையே மேல் என்பேன். 1993இல் திறக்கப்பட்ட நிலத்தடி விரிவாக்கத்தில்தான் அந்த அறைகளில் பல இருக்கின்றன. ஒரு மசோதாவால் பாதிக்கப்படும் சாதாரணக் குடிமகன் மைக் முன் அமர்ந்து சாட்சியம் சொல்வதையும், உறுப்பினர் அவரிடம் குறுக்குக் கேள்வி கேட்பதையும் சில அடி தூரத்தில் பார்க்கலாம்.

அடுத்த தேர்வு, வழிகாட்டியுடன் சுற்றுவதா, ஆசிரியரே சுற்றிக் காட்டுவதா என்பது. வழிகாட்டியுடனான சுற்று இலவசம். அரை மணி நேரம் ஆகும். குழுவாக வந்தால் முன்பதிவு வேண்டும். அதைத் தவறவிட வேண்டாம். அதோடு நிறுத்தவும் வேண்டாம், ஏனென்றால் அரை மணியில் எல்லாக் கதையையும் சொல்லிவிட முடியாது. 1888இல் முடிந்த இந்தக் கட்டடத்துக்குக் கூலியாக மாநிலம் பணம் தரவில்லை. வடக்கே 30 லட்சம் ஏக்கர் நிலத்தைத் தந்தது. செந்நிறக் கருங்கல்லை வெட்டக் கைதிகளின் உழைப்பு பயன்படுத்தப்பட்டது. இவற்றை மாணவர்கள் கல்லின் அருகில் நின்றபடி ஆசிரியர் வாயால் கேட்க வேண்டும்.

பிற்பகலுக்கு வடக்கே சில தெருக்கள் தள்ளியிருக்கும், மாநில வரலாற்றைச் சொல்லும் புல்லக் அருங்காட்சியகமா, வளாகத்தின் தென்கிழக்கு மூலையிலுள்ள பார்வையாளர் மையமா? அருங்காட்சியகத்துக்குக் கட்டணம் உண்டு. ஆனால் 1686இல் மூழ்கிய லா பெல் என்ற பிரெஞ்சுக் கப்பலின் உடல் பகுதியும், மாடக்குவிமாடத்தின் உச்சியில் முதலில் நின்ற சுதந்திர தேவியின் மூலச் சிலையும் அங்கேதான் இருக்கின்றன. காலையில் அண்ணாந்து பார்த்தது 1986இல் ஏற்றிய நகல் என்று பிள்ளைகளுக்கு அங்கே புரியும். பணம் இடித்தால் பார்வையாளர் மையம் போதும்.

இன்னொரு ஏற்பாடும் இருக்கிறது. சபை நாளில் மாடத்தில் அமர்ந்திருக்கும் பள்ளிக் குழுவைத் தொகுதி உறுப்பினர் எழுந்து அறிமுகப்படுத்தும் வழக்கம் உண்டு. அதற்கு அவர் அலுவலகத்துக்கு முன்கூட்டியே எழுத வேண்டும். அந்தக் கடிதத்தை ஆசிரியர் எழுத வேண்டாம். தங்கள் தொகுதி எது, உறுப்பினர் யார், இந்த முறை அவர் எந்தக் குழுக்களில் இருக்கிறார் என்று மாணவர்களே தேடிக் கண்டுபிடித்து எழுதட்டும்.