சொந்தமா எழுதுன கேலண்டர் காம்போனன்ட்: வருஷக்கணக்கா ஓட்டின அனுபவம்

லைப்ரரி (அடுத்தவங்க எழுதி வச்ச ரெடிமேட் கோட்) எதுவும் வேணாம்னு நானே எழுதுன டேட் பிக்கர் இது, அதாவது வெப் பக்கத்துல தேதி தேர்ந்தெடுக்கற குட்டி கேலண்டர், சில ப்ராஜெக்ட்ல வருஷக்கணக்கா ஓடுது. கட்டம் போடறதெல்லாம் மேட்டரே இல்லீங்க, சிஎஸ்எஸ் கிரிட்ல (வெப் பக்கத்த கட்டம் கட்டமா அடுக்கற வசதி) ஏழு காலம் (column) வச்சு 1-ஆம் தேதி எங்க ஆரம்பிக்கணும்னு சொல்லிட்டா மிச்சம் தானா வரிசையா உக்காந்துக்கும். ஆனா வரி எப்பவும் ஆறுன்னு வச்சிடுங்க. வாரத்த ஞாயிறுல ஆரம்பிச்சா 2026 பிப்ரவரி நாலே வரிதான், அதே வருஷம் ஆகஸ்ட்டுக்கு ஆறு வரி, உயரம் மாறினா மேல் பக்கமா திறக்கற பாப்பப்ல 'அடுத்த மாசம்' பட்டன் ஏறி இறங்கும், தொடர்ந்து அமுக்கறவங்க கடுப்பாயிடுவாங்க.

உண்மையான தலைவலி டைம்ஸோன். '2026-03-10'னு ஸ்ட்ரிங்க (வெறும் எழுத்தா இருக்கற தேதி) அப்படியே நியூ டேட்ல (new Date) போட்டா ஜாவாஸ்கிரிப்ட் அத யூடிசி (உலகப் பொது நேரம்) நள்ளிரவுன்னு எடுத்துக்கும், அமெரிக்கால இருக்கறவங்களுக்கு 9-ஆம் தேதின்னு காட்டும், யூடிசிக்கு கிழக்க உக்காந்து கோட் எழுதறவங்க லேப்டாப்ல எல்லாம் கரெக்டா இருக்கறதால டெஸ்ட்ல இது சிக்கவே சிக்காது. அடுத்த நாளுக்கு போக 24 மணி நேரத்த கூட்டறதும் வேணாம், கடிகாரத்த மாத்தற நாடுகள்ல வருஷத்துல ஒரு நாளுக்கு 25 மணி நேரம், அன்னிக்கு ஒரே தேதி ரெண்டு கட்டத்துல வந்து நிக்கும். அதனால என் காம்போனன்ட் உள்ள வருஷம், மாசம், நாள்னு மூணு நம்பர் மட்டும்தான், சர்வருக்கும் ஸ்ட்ரிங்காதான் போகும். ஜாவாஸ்கிரிப்ட்ல தேதி, நேரத்துக்காக புதுசா வர்ற டெம்போரல் ஏபிஐல இதுக்குன்னே, நேரம் இல்லாம தேதி மட்டும் வச்சிருக்கற பிளெய்ன்டேட் இருக்கு, ஃபயர்ஃபாக்ஸ் 139-லயே வந்தாச்சு, எல்லா பிரவுசர்லயும் வந்துட்டா என் லாஜிக்ல பாதிய தூக்கிடுவேன்.

கீபோர்டுக்கு தனியா டைம் ஒதுக்குங்க. டேப் கீ 42 கட்டத்துலயும் நிக்கக்கூடாது, ஒரே கட்டத்துக்கு டேப்இண்டெக்ஸ் 0 (டேப் இங்க நிக்கும்), மத்ததுக்கு -1 (நிக்காது), நகர்றது ஆரோ கீல, மாசம் மாத்த பேஜ்அப் பேஜ்டவுன். மாசம் மாறி கிரிட் புதுசா ரெண்டர் ஆகும்போது ஃபோகஸ் (கீபோர்டு இப்ப எந்த கட்டத்துல நிக்குதுங்கறது) காணாமப்போயிடும், அத புது கட்டத்துல நாமதான் திரும்ப வைக்கணும் (ரெடிமேட் பிக்கர் நிறைய இதுலயே சொதப்புது).

இன்னிக்கும் இப்படி எழுதுவேனான்னு கேட்டா, எந்த தேதிலருந்து எந்த தேதி வரைன்னு எடுக்கணும், நடுவுல சில நாள் பிளாக் ஆகியிருக்கணும்னா கண்டிப்பா எழுதுவேன். ஒரே ஒரு தேதிதான்னா பிரவுசரே குடுக்கற தேதி பெட்டி, இன்புட் டைப் டேட்டே போதும், டெஸ்க்டாப் சஃபாரிலயும் 2021-ல 14.1-லருந்து இருக்கு, மொபைல்ல அத அடிச்சிக்க முடியாது. பிறந்த தேதிக்கு மட்டும் எந்த கேலண்டரையும் வைக்காதீங்க, 1960-ல பிறந்தவர் மாசம் மாசமா பின்னாடி போயிட்டே இருக்கணுமா என்ன, நாள் மாசம் வருஷம்னு மூணு பாக்ஸ் குடுத்தா டைப் பண்ணிட்டு போயிடுவார்.