சேஸுக்கு ஒட்டுப் போடுவதா, சேஸையே மாற்றுவதா?

எங்கள் டாடா 407 சிறிய சரக்கு வண்டி, ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்துக்கு உரம் ஏற்றியே வயதானது. பொட்டாஷ் உப்பு வகை. மூட்டையிலிருந்து சிந்தி, மலைப் பனியில் கரைந்து வண்டியின் அடிச்சட்டமான சேஸில் வழிந்தால் இரும்பைத் தின்றுவிடும். வேன் பாடி உறுதியாகவே இருந்தது. பின் அச்சுக்கு மேலே சேஸில்தான் விரிசல்.

ஒட்டுப் போடுவது, அதாவது விரிசல் மேல் இரும்புத் தட்டு வைத்து வெல்டிங் அடிப்பது, ஒரு நாள் வேலை, செலவும் குறைவு. "தட்டு வச்சு அடிச்சுட்டாப் போதுங்க" என்றார் பட்டறைக்காரர். சேலம் ஊருக்குள் மட்டும் ஓடும் வண்டி என்றால் நானும் அதையே சொல்வேன். ஆனால் ஏற்காட்டு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் சேஸ் முறுக்கும். தட்டு வைத்த இடம் விறைப்பாக நிற்பதால் அந்த முறுக்கெல்லாம் வெல்டிங் முடியும் ஓரத்தில் போய் விழுகிறது. ஒட்டுப் போட்ட எங்கள் வண்டியில் இரண்டாவது விரிசல் சரியாக அங்கேதான் விட்டது.

அப்புறம்தான் வேறொரு 407 சேஸ் வாங்கினோம். வீட்டு முற்றத்தில், பாடியைச் சேஸோடு பிடித்திருக்கும் யூ போல்ட்டுகளைக் கழற்றி, நான்கு மூலையிலும் ஜாக்கி கொடுத்துப் பாடியைக் கட்டையடுக்கில் நிறுத்தினோம். பழைய சேஸை அடியிலிருந்து உருட்டி எடுத்துவிட்டுப் புதிதாக வாங்கியதை உள்ளே விட்டோம். வீல்பேஸ், அதாவது முன் பின் அச்சுகளுக்கு இடையிலான தூரம், இரண்டு சேஸிலும் ஒன்றாக இருக்க வேண்டும், சேஸின் மேல் கீழ் விளிம்புகளில் துளை போடக் கூடாது. கைவேலை இவ்வளவுதான்.

உண்மையான வேலை காகிதத்தில் இருக்கிறது. சட்டத்தின் கண்ணில் வண்டி என்பது சேஸ் நம்பர். பாடி மாறினால் அந்த நம்பர் மாறாது, சேஸ் மாறினால் நம்பரும் மாறிவிடும். அதனால் வாங்கும் சேஸுக்கு உயிருள்ள ஆர்.சி. (பதிவுச் சான்று) வேண்டும், வரி பாக்கியும் கடன் பதிவும் இருக்கக் கூடாது. அந்த ஆர்.சி.யில் திறந்த பாடி என்றிருந்தால், மூடிய பாடியை ஏற்றுவதற்கு முன்பே மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி அனுமதி வாங்க வேண்டும். கழித்துவிட்ட பழைய சேஸின் வண்டியைப் பற்றி 55-ஆம் பிரிவு 14 நாளுக்குள் தெரிவிக்கச் சொல்கிறது. பழைய நம்பர் உள்ள துண்டை வெட்டிப் புதிய சேஸில் ஒட்டித் தருவதாக யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள், அது குற்றம். எட்டு வருடம் தாண்டிய சரக்கு வண்டிக்கு எஃப்.சி. (தகுதிச் சான்று) வருடாவருடம் வரும். அப்போதும், விற்கும்போதும் நம்பர் மேல் தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பார்ப்பார்கள்.

சேஸ் மாற்றிய பிறகு ஒரு மழைக்காலம்தான் ஓடியிருக்கிறோம். பத்து வருட உழைப்புக்கு என் வண்டி இன்னும் சாட்சி ஆகாது. இதுவரை விரிசல் இல்லை. இப்போதெல்லாம் பொட்டாஷ் இறக்கிய அன்று மாலையே கன்னங்குறிச்சி வீட்டில் சேஸைத் தண்ணீர் அடித்துக் கழுவிவிடுகிறோம்.